கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான்: கேள்வி பதில்

கேள்வி (கோவை): தொட்டபெட்டாவில் காலை முழுக்க மரங்களை அண்ணாந்து பார்த்தேன் சார். ஒன்றுகூடத் தென்படவில்லை. எங்கே தேடுவது?

பதில்: கீழே தேடுங்கள். பெரணியும் குறுஞ்செடியும் மண்டிய இடத்தில், தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்குள்தான் இது பெரும்பாலும் நடமாடும். ஈப்பிடிப்பான் என்றதும் அந்தரத்தில் பூச்சியைத் துரத்தும் பறவையைத்தான் நினைக்கிறோம். இதுவோ தாழ்ந்த கிளையில் உட்கார்ந்து, இலையிலோ ஈரச் சருகிலோ இருக்கும் பூச்சியைக் கொத்திக்கொள்ளும். பாதையோரம் அசையாமல் நில்லுங்கள். மெல்லிய, கூர்மையான குரல்தான் முதலில் கேட்கும்.

கேள்வி (மதுரை): கொடைக்கானலில் படம் எடுத்தேன். நெஞ்சு ஆரஞ்சு, ஆனால் கறுப்பே இல்லை. வேறு இனமா?

பதில்: பெண் பறவையாக இருக்கும். ஆணுக்குத் தலையும் இறக்கையும் கறுப்பு. பெண்ணுக்கு அந்த இடத்தில் ஆலிவ் கலந்த பழுப்பு, கண்ணைச் சுற்றி வெளிறிய வளையம்.

கேள்வி (திருப்பூர்): குளிர்காலத்தில் சமவெளிக்கு இறங்குமா?

பதில்: இறங்காது. வலசையும் போகாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லை. நீலகிரி, பழனி மலை, ஆனைமலைப் பக்கம், அதுவும் 1,500 மீட்டருக்கு மேல்தான் அதிகம்.

கேள்வி (கோத்தகிரி): எங்கள் தோட்டத்தை ஒட்டிச் சின்னச் சோலை இருக்கிறது. மரங்களைத் தொடாமல் புதரை மட்டும் சுத்தம் செய்யலாம் என்கிறார்கள். பரவாயில்லையா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். இந்தப் பறவைக்கு அந்தப் புதர்தான் வீடு. மார்ச் முதல் மே வரை, கோரையும் பெரணி இலையும் சேர்த்து உருண்டையாகக் கூடு கட்டும். தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம்கூட இருக்காது. பெரும்பாலும் இரண்டே முட்டை. அரிவாளோடு போகிறவர் கண்ணுக்கு அது காய்ந்த இலைக் குப்பையாகத்தான் படும். புதர் போனால் வெயில் உள்ளே இறங்கும், சருகு காயும், பூச்சியும் குறையும். மரங்கள் எல்லாம் நிற்கும், பறவை இருக்காது. கீழே அடர்த்தி இருந்தால் காப்பித் தோட்டத்துக்குள்கூட இது வருவதுண்டு. நடக்க வழி வேண்டுமென்றால் ஒரு ஒற்றையடிப் பாதை போதும், மிச்சத்தை அப்படியே விடச் சொல்லுங்கள்.

கேள்வி (சென்னை): போனில் குரலைப் போட்டால் வெளியே வருமா?

பதில்: வரலாம். ஆனால் தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் புகுந்துவிட்டது என்று பதறித்தான் வரும். கூடு கட்டும் மாதங்களில் அறவே கூடாது. அதிகாலையில் போய் அரை மணி நேரம் ஒரே இடத்தில் நின்று பாருங்கள். ஆளைக் கண்டு அவ்வளவாக மிரளாது, பக்கத்திலேயே வந்து உட்காரும்.