குறிப்பு கொடுத்தால் போதுமா? – வாசகர் கேள்விகள்

கே: டிஸ்லெக்ஸியா (வாசிப்பதிலும் எழுதுவதிலும் வரும் கற்றல் சிரமம்) உள்ள மாணவருக்குத் தேர்வில் எவ்வளவு கூடுதல் நேரம் தரலாம்? (செந்தூல்)

பொதுவாகக் கால் பங்கு. 2 மணி நேரத் தாளுக்கு 30 நிமிடம். வாசிப்பு தாமதமா, எழுத்து தாமதமா என்று மதிப்பீட்டு அறிக்கையில் பாருங்கள். எழுத்து என்றால் கணினியில் தட்டச்சு செய்ய விடுவதே பெரிய உதவி. தேர்வுப் பிரிவுக்கு செமஸ்டர் தொடக்கத்திலேயே எழுதிவிடுங்கள். மாணவர் பெயரை வகுப்பில் அறிவிக்காதீர்கள்.

கே: டிஸ்லெக்ஸியாவுக்கான சிறப்பு எழுத்துரு வாங்க வேண்டுமா? (ஜார்ஜ்டவுன்)

வேண்டாம். பலன் உண்டென்று ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. ஆங்கில, மலாய்க் குறிப்புக்கு ஏரியல் 12 அல்லது 14, வரி இடைவெளி 1.5 போதும்.

கே: எல்லாக் குறிப்பையும் பிடிஎஃப்பாக அனுப்பிவிட்டேன். இன்னும் படிக்க முடியவில்லை என்கிறார் மாணவி. (பிரிக்பீல்ட்ஸ்)

எப்படித் தயாரித்த பிடிஎஃப் என்று நீங்கள் எழுதவே இல்லை. புத்தகப் பக்கங்களை ஸ்கேன் செய்திருந்தால் அது வெறும் படம். உரக்க வாசிக்கும் மென்பொருளுக்கு அதில் ஓர் எழுத்தும் தெரியாது. கல்லூரிகளில் ஆண்டுதோறும் இதே தவறு நடக்கிறது, சிரமமோ மாணவர் தலையில் விழுகிறது. அனுப்பும் முன் ஒரு சொல்லைச் சுட்டியால் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். முடியாவிட்டால் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறவுங்கள். படம் எழுத்தாக மாறும், தமிழும் மாறும். பெயர்கள், எண்கள், சூத்திரங்களை மட்டும் நீங்களே சரிபார்க்க வேண்டும், அங்கேதான் பிழை விழும். தமிழ்க் குறிப்பில் இன்னொரு வில்லங்கம்: யூனிகோடுக்கு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) முந்திய எழுத்துருவில் தட்டியிருந்தால் திரையில் தமிழாகத் தெரியும், மென்பொருளோ பொருளற்ற ரோமன் எழுத்துகளாக வாசிக்கும். ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் உடனே தெரிந்துவிடும். நீண்ட குறிப்பென்றால் வேர்டில் தலைப்புப் பாணியை (Heading) பயன்படுத்துங்கள். எழுத்தைத் தடிப்பாக்கினால் மட்டும் மென்பொருளுக்கு அது தலைப்பாகிவிடாது. வகுப்புக்கு இரண்டு நாள் முன்பே, எல்லா மாணவருக்கும் அனுப்புங்கள். அப்போது யார் பெயரும் வெளியே வராது.

கே: ஓகேயூ அட்டை (மலேசிய மாற்றுத்திறனாளி அட்டை) இல்லாத மாணவருக்கு உதவ வேண்டுமா? (பட்டர்வொர்த்)

வேண்டும். டிஸ்லெக்ஸியா உள்ளவர்கள் சமூகநலத் துறையில் கற்றல் குறைபாட்டுப் பிரிவில் பதியலாம். பதிவு அவர்கள் விருப்பம். மேலும், எந்த உதவி தேவை என்பதை அட்டை சொல்லாது. அதை மாணவரிடம் தனியாகக் கேளுங்கள், வகுப்பின் நடுவே அல்ல.

கே: என் மாணவர் கவனிப்பதே இல்லை. என்ன செய்ய? (செராஸ்)

என்ன பாடம், எத்தனை மணி வகுப்பு? இரண்டையும் எழுதாமல் பதில் கேட்கிறீர்கள். இப்போதைக்கு 15 நிமிடத்துக்கு ஒருமுறை பேச்சை நிறுத்திச் சிறு வேலை கொடுங்கள். வாய்மொழியாகச் சொல்லும் பணிகளைப் பலகையிலும் எழுதுங்கள், நாளும் நேரமும் சேர்த்து.

கே: விரிவுரையைப் பதிவு செய்ய விடலாமா? (பாயான் லெப்பாஸ்)

விடலாம். சொந்தப் படிப்புக்கு மட்டும், யாருக்கும் பகிரக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.