கோயில் திறந்தாச்சு, எனக்குத்தான் கால் வரவில்லை

கேள்வி: எனக்கு 46 வயது. தூத்துக்குடிப் பக்கம் ஒரு கத்தோலிக்கப் பங்கு. கொரோனாவுக்கு முன்பு ஒரு ஞாயிறுகூடப் பூசை தவறியதில்லை. பீடத்துக்குப் பூ வைப்பது, கூட்டுவது, அன்பியத்துக்கு (அக்கம்பக்கத்து வீடுகள் கூடிச் செபிக்கும் குழு) ஆள் சேர்ப்பது எல்லாம் நான்தான். 2020 மார்ச்சில் கோயிலைப் பூட்டியதும் யூடியூபில் பூசை பார்த்தோம். பூசையில் தரும் அப்பமான நற்கருணையை மனதால் வாங்கும் செபத்தைச் சொல்லிக்கொண்டோம். இரவில் செபமாலை முடிந்ததும் நானே நற்செய்தி வாசித்து, தோன்றியதைப் பிள்ளைகளுக்குச் சொல்வேன். அந்த வருடம் பனிமய மாதா திருவிழா ஜனம் இல்லாமல் நடந்தபோது அழுதேன். 2021 மே மாதம் அம்மா கொரோனாவில் இறந்துபோனாள். நேரே கல்லறைதான், துக்க மணிகூட அடிக்கவில்லை. இப்போது எல்லாம் பழையபடி நடக்கிறது. எனக்கோ கோயில் வாசலை மிதித்தாலே மூச்சு முட்டுகிறது. வீட்டில் செபம் நன்றாகவே வருகிறது. "விசுவாசம் போச்சா?" என்கிறார் மாமியார். போய்விட்டதா?

பதில்: தினமும் செபம் சொல்கிறவரிடம் கேட்கிற கேள்வியா இது! (மாமியாரிடம் இதை இப்படியே சொல்லிவிடாதீர்கள்.)

அம்மாவின் சாவை இரண்டே வரியில் கடந்துவிட்டீர்கள், சகோதரி. என் கண் அங்கேதான் நின்றது. ஒருவர் போய்விட்டார் என்பதை மனம் ஏற்க மணியும் பூசையும் ஊர் கூடுவதும் வேண்டியிருக்கிறது. அது நடக்காத துக்கம் பாதியிலேயே கிடக்கும். நீங்கள் வருடக்கணக்காகப் பூ வைத்த பீடத்துக்கு முன்னால் அம்மாவின் பெட்டிக்கு இடம் கிடைக்கவில்லை. அந்தக் கோபம் யார் மேல்? அரசு விதியா, ஃபாதரா, கடவுளா? கடவுள் மேல் என்றாலும் பயப்படாதீர்கள். பைபிளில் 13-ஆம் திருப்பாடலை எடுத்துப் பாருங்கள், தொடக்கமே முறையீடுதான். மூச்சு முட்டுவது பஸ்ஸிலும் கடையிலும் வந்தால் மட்டும் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

அப்புறம் இன்னொன்று. வீட்டில் நற்செய்திக்கு விளக்கம் சொன்னவருக்குக் கோயிலில் மறுபடி விளக்குமாறு மட்டும்தான் என்றால் கால் எழும்புமா? 2021 ஜனவரியில் போப் பிரான்சிஸ், பூசையில் பைபிள் வாசிக்கும் வாசகர் பணியைப் பெண்களுக்கும் முறைப்படி திறந்துவிட்டார். ஞாயிறு வாசகம் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். கூட்டுவதற்குப் பங்கில் ஆண்களும் இருக்கிறார்கள்.

ஆனால் முதலில் அம்மா. நவம்பர் 2, கல்லறைத் திருநாள் வரை காத்திருக்க வேண்டாம், அன்று ஒரே கூட்டமாக இருக்கும். சாதாரண நாள் ஒன்றில் அம்மா பேரில் பூசைக்குக் கொடுத்து, ஃபாதரைக் கல்லறைக்கு வந்து மந்திரிக்கச் (ஆசீர்வதிக்கச்) சொல்லுங்கள். பூசைக்கு உள்ளே போக முடியாவிட்டால் வாசற்படியில் உட்காருங்கள். துக்க மணியையும் அடிக்கச் சொல்லுங்கள்.