சுருள் கேலக்ஸியின் காந்தப்புலம்: கேட்டவையும் சொன்னவையும்

கேள்வி: எம்51 என்ற சுருள் கேலக்ஸியின் படத்தின்மேல் காந்தப்புலக் கோடுகளைப் போட்டுக் காட்டுகிறார்கள். தொலைநோக்கியில் அவை அப்படியே தெரியுமா, ஐயா?

பதில்: தெரியாது. கோடு போட்டது கணினி. தொலைநோக்கி அளப்பது, வந்துசேரும் அலை எந்தத் தளத்தில் அதிர்கிறது என்பதை. ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தளவிளைவுக் (போலராய்டு) கறுப்புக் கண்ணாடி இருந்தால் எல்சிடி கணினித் திரைக்கு முன் பிடித்து மெல்லத் திருப்புங்கள். ஒரு கோணத்தில் திரை இருண்டுவிடும். அதன் ஒளி ஒரே தளத்தில் அதிர்வதுதான் காரணம். கேலக்ஸியில் ஒளியின் வேகத்தை ஒட்டி ஓடும் எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் சுழன்று உமிழும் ரேடியோ அலையும் பெரும்பாலும் புலத்துக்குச் செங்குத்தாகவே அதிர்கிறது. அளந்த கோணத்தை 90 டிகிரி திருப்பினால் கோடு கிடைத்துவிடும்.

கேள்வி: அங்கே திசைகாட்டி முள் அசையுமா?

பதில்: வாய்ப்பே இல்லை. காந்தப்புலத்தை அளக்கும் அலகு காஸ். பூமியின் புலம் சுமார் அரை காஸ். அங்கே சுமார் 10 மைக்ரோகாஸ் (காஸின் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரோகாஸ்). 50,000-இல் ஒரு பங்கு!

கேள்வி: இத்தனை நோஞ்சான் புலத்தை ஏன் பொருட்படுத்த வேண்டும்?

பதில்: அங்குள்ள வாயுவும் நோஞ்சான்தான். அதன் கொந்தளிப்புக்கு ஈடான ஆற்றல் புலத்துக்கும் உண்டு. வாயு சரிந்து விண்மீனாவதைத் தாமதப்படுத்த அது போதும்.

கேள்வி: எம்51-இன் காந்தப்புலத்தை ரேடியோவில் எடுத்த படமும் அகச்சிவப்பில் எடுத்த படமும் ஒத்துப்போகவில்லையே, எது பிழை?

பதில்: இரண்டும் சரி. ரேடியோ அலை பரந்து கிடக்கும் எலக்ட்ரான்களிடமிருந்து வருகிறது. அகச்சிவப்பு, அடர்ந்த குளிர்மேகங்களின் தூசியிலிருந்து. போயிங் 747 விமானத்தில் 2.7 மீட்டர் ஆடியை ஏற்றிப் பறந்த சோஃபியா தொலைநோக்கி (2022-இல் ஓய்வு கொடுத்துவிட்டார்கள், எனக்கு இன்னும் வருத்தம்தான்) 154 மைக்ரான் அலைநீளத்தில் பார்த்தது. மையத்தருகே இரண்டும் பொருந்துகின்றன, வெளிக்கரங்களில் பிரிகின்றன. எனக்குச் சுவையான இடமே அந்தப் பிரிவுதான்.

கேள்வி: கோடுகளில் அம்புக்குறி ஏன் இல்லை?

பதில்: கூர்ந்து பார்த்திருக்கிறீர்கள். அதிர்வுத்தளம் கோட்டின் சாய்வைச் சொல்லும். புலம் எந்த முனையை நோக்கி ஓடுகிறது என்பதைச் சொல்லாது. அதற்கு ஃபாரடே 1845-இல் கண்ட விளைவு கைகொடுக்கிறது. காந்தமேறிய அயனிவாயுவின் (மின்னூட்டத் துகள்கள் கொண்ட வாயு) ஊடே வரும்போது அதிர்வுத்தளம் திரும்பும். அலைநீளத்தின் வர்க்கத்துக்கேற்பத் திருப்பம் கூடும். ஆகவே பல அலைநீளங்களில் அளப்பார்கள். புலம் நம்மை நோக்கினால் ஒரு பக்கம் திரும்பும், விலகினால் மறுபக்கம். ஆண்ட்ரோமெடா கேலக்ஸியின் வளையத்தில் ஒரு பாதி நம்மை நோக்கியும் எதிர்ப்பாதி விலகியும் இருப்பது இப்படித்தான் தெரிந்தது. அதாவது, புலம் வளையம் முழுவதும் ஒரே சுற்றாக ஓடுகிறது.