ஸ்டர்லிங் எஞ்சினுக்கு எந்த உலோகம்? கேள்வி பதில்

ஸ்காட்லாந்துப் பாதிரியார் ராபர்ட் ஸ்டர்லிங் 1816இல் காப்புரிமை பெற்ற எஞ்சின் இது. உள்ளே அடைபட்ட காற்று ஒரு முனையில் சூடாகி விரியும், மறுமுனையில் ஆறிச் சுருங்கும். காற்றை இரண்டு முனைகளுக்கும் மாறி மாறித் தள்ளுவது டிஸ்பிளேசர். சக்கரத்தைச் சுற்றுவது பிஸ்டன். மேசை மேல் ஓட்டும் சிறு மாதிரிகளைச் செய்பவர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

சார், வெப்பத்தை நன்றாகக் கடத்துவது செம்புதானே? சூடேறும் உருளையைச் செம்புக் குழாயில் செய்தேன். இரண்டு நிமிடம் ஓடி நின்றுவிடுகிறது.

என் முதல் எஞ்சினும் இப்படித்தான் நின்றது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். செம்பு நன்றாகக் கடத்துவதுதான் இங்கே பிரச்சினை. சூடு உள்ளே இருக்கும் காற்றுக்குப் போவதோடு, குழாயின் சுவர் வழியாகக் குளிர்முனைக்கும் ஓடிவிடுகிறது. இரண்டு முனைகளும் ஒரே சூடானால் எஞ்சினுக்கு வேலை இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 மி.மீ. விட்டம், அரை மி.மீ. சுவர், 60 மி.மீ. நீளமுள்ள குழாய். இரு முனைகளுக்கும் 300 டிகிரி வித்தியாசம் வேண்டும். செம்பென்றால் சுவர் வழியாக மட்டும் 60 வாட் போய்க்கொண்டிருக்கும். பித்தளையில் 17, 18 வாட். எவர்சில்வரில் இரண்டரை வாட்தான். சின்ன ஸ்பிரிட் விளக்கின் சூட்டில் பாதிக்கு மேல் வெளிக்காற்றோடு போய்விடுகிறது. மிச்சத்தை வைத்துக்கொண்டு செம்பில் அந்த 300 டிகிரியை எட்டவே முடியாது.

சுவரை மெல்லிய எவர்சில்வரில் செய்யுங்கள். செம்பு வேண்டுமென்றால், தீ படும் அடிமூடிக்கு மட்டும் ஒரு செம்புத் தகடு வைக்கலாம். குளிர்முனையில் அலுமினியம் போடுங்கள், சூட்டை வெளியே தள்ள அதுதான் வசதி.

மெல்லிய எவர்சில்வர் குழாய் எங்கே கிடைக்கும் அண்ணா? அடிமூடியை ஈயப்பற்று வைத்து ஒட்டலாமா?

திரைச்சீலை மாட்டும் குழாயைப் பாருங்கள் தம்பி. பெரிய எஞ்சினுக்கு அதன் துண்டே போதும். சுவர் தடிமனாக இருந்தால் லேத்தில் பிடித்து, நடுப்பகுதியை அரை மி.மீ. வரை சீவி எடுக்கலாம். ஈயப்பற்று மட்டும் வேண்டாம். எலெக்ட்ரானிக் வேலைக்குப் பயன்படுத்தும் ஈயம் 190 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும், மூடி தீயில் விழும். அதிகச் சூடு தாங்கும் வெள்ளிப்பற்று வைக்க வேண்டும். அல்லது மூடியும் சுவரும் ஒன்றாக வரும்படி ஒரே தடித்த எவர்சில்வர் கம்பியிலிருந்து குடைந்து எடுங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் கசிவு என்ற பேச்சே இருக்காது.

வார்ப்பிரும்பு சிலிண்டரில் அலுமினிய பிஸ்டன் போட்டேன். குளிராக இருக்கும்போது வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, சூடானதும் இறுகிவிடுகிறது.

இரண்டும் ஒரே அளவாக விரிவதில்லை. 12 மி.மீ. பிஸ்டன் 50 டிகிரி சூடேறினால், அலுமினியம் ஏறக்குறைய 0.014 மி.மீ. பெருக்கும், வார்ப்பிரும்பு 0.006தான். நீங்கள் விட்டிருக்கும் இடைவெளியே 0.01 இருந்தால் அதிகம். வித்தியாசம் அதைத் தின்றுவிடுகிறது. இடைவெளியைக் கூட்டலாம் என்று நினைக்காதீர்கள், காற்று ஒழுகிப் பலம் போய்விடும்.

வார்ப்பிரும்பு சிலிண்டருக்கு வார்ப்பிரும்பு பிஸ்டனே போடுங்கள். இரண்டும் சேர்ந்து விரியும். வார்ப்பிரும்பில் இயல்பாகவே கிராஃபைட் கலந்திருப்பதால் ஒன்றோடொன்று உரசினாலும் பிடித்துக்கொள்ளாது. எவர்சில்வர் மேல் எவர்சில்வர், அலுமினியம் மேல் அலுமினியம் இரண்டும் ஆகாது, கவ்விக்கொள்ளும். கோவைப் பக்கம் இருந்தால் வார்ப்பாலையில் ஒரு துண்டுக் கம்பி கேட்டுப் பாருங்கள்.

லேத் இல்லாதவர்களுக்கு நான் மனமாரச் சொல்வது கண்ணாடி சிரிஞ்சுதான். உள்ளும் புறமும் ஒரே கண்ணாடி, சாணை பிடித்த பொருத்தம். எண்ணெய் மட்டும் விடாதீர்கள். இவ்வளவு சின்ன எஞ்சினில் எண்ணெயின் பிசுபிசுப்பே சக்கரத்தை நிறுத்திவிடும்.

டிஸ்பிளேசரை எதில் செய்வது?

எடை குறைவாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். மெல்லிய எவர்சில்வர் தகட்டில் உள்ளீடற்ற உருளையாகச் செய்யுங்கள். இது சிலிண்டர் சுவரைத் தொடக்கூடாது, சுற்றிலும் அரை மி.மீ. விட்டால் போதும். தொடவே போவதில்லை என்பதால் மேலே சொன்ன கவ்வும் பயம் இதற்கு இல்லை.

ஃபிளைவீலுக்கு, அதாவது சுற்றும் சக்கரத்துக்கு?

பித்தளையோ இரும்போ, கையில் இருப்பது. ஆட்டமில்லாமல் சுற்றினால் சரி.

என் மகள் எட்டாம் வகுப்பு. அறிவியல் கண்காட்சிக்குக் குளிர்பானக் கேனில் செய்கிறாள். ஆபத்து உண்டா?

அலுமினியம் 660 டிகிரியில் உருகும். கேனின் சுவரோ காகிதம் மாதிரி. மெழுகுவத்தி போதும் அம்மா, ஸ்பிரிட் விளக்கு வேண்டாம். கேனின் உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கும், முதல்முறை சூடாக்கும்போது அது புகையும். சன்னலைத் திறந்துவைத்து, நீங்களே பக்கத்தில் இருந்து செய்யுங்கள். டிஸ்பிளேசருக்குப் பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரைச் சுருட்டி வைக்கலாம். காற்று அதன் வழியே போய்வரும்போது சூட்டை அதில் விட்டுவிட்டுத் திரும்ப எடுத்துக்கொள்ளும். கேனைவிட எனக்கு அந்த நார்தான் பிடிக்கும். ஸ்டர்லிங்கின் காப்புரிமைக்கே உயிர் இந்தச் சூட்டைச் சேமிக்கும் யோசனைதான்.

உள்ளங்கைச் சூட்டில் ஓடும் எஞ்சினுக்கும் எவர்சில்வர்தானா?

இல்லை, அங்கே கணக்கே வேறு. கிடைப்பது சில டிகிரி வித்தியாசம், அதில் எதையும் வீணாக்க முடியாது. மேலும் கீழும் அலுமினியத் தட்டு, நடுச்சுவர் அக்ரிலிக் பிளாஸ்டிக். சுவரில் உலோகமே வேண்டாம். குறைந்த வெப்ப வித்தியாசத்தில் ஓடும் இந்த வகையை 1983இல் ஓட்டிக் காட்டியவர் குரோஷியாவின் ஸாக்ரெப் நகரப் பேராசிரியர் ஈவோ கோலின்.

வீட்டில் ஜி.ஐ. குழாய் மிச்சம் இருக்கிறது. சூடேறும் முனைக்கு ஆகுமா?

ஆகாது. மேலே பூசியிருக்கும் துத்தநாகம் 420 டிகிரியில் உருகிவிடும், இன்னும் சூடேறினால் அதன் புகை காய்ச்சல் கொண்டுவரும். அந்தக் குழாயைத் தண்ணீருக்கே விட்டுவிடுங்கள்.