வீட்டில் ராக், மெட்டல் வாசிக்க எந்த வால்வு ஆம்ப்?

கேள்வி: மதுரை செல்லூரில் ஒரு காம்பவுண்டு வீட்டில் குடியிருக்கிறோம். இருபுறமும் பொதுச்சுவர். வேலை முடிந்து வந்து இரவில்தான் எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்க நேரம் கிடைக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் திருப்பாலையில் நண்பர் வீட்டு மாடியில் ட்ரம்ஸுடன் சேர்ந்து வாசிக்கிறோம். ராக்கும் மெட்டலும்தான் எங்கள் விருப்பம். சிறிய ட்யூப் ஆம்ப் (வால்வு ஆம்ப் என்பதும் இதுதான்) ஒன்று வாங்கப் பணம் சேர்த்து வைத்திருக்கிறேன். வீட்டுக்கு 1 வாட் போதும் என்கிறார் ஒருவர். 5 வாட் வாங்கு என்கிறார் இன்னொருவர். 20 வாட் வாங்கினால் காம்பவுண்டே எழுந்துவிடும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். எதை வாங்குவது?
– செல்லூர் வாசகர்

பதில்: வாட் எண்ணை முதலில் ஒதுக்கி வையுங்கள். மின்திறன் பத்து மடங்கு கூடினால் ஒலியளவு 10 டெசிபெல் கூடும். காதுக்கோ அது ஏறக்குறைய இரு மடங்கு சத்தமாகத்தான் படும். ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் 97 டெசிபெல் தருகிற ஸ்பீக்கர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கிட்டார் ஸ்பீக்கர்களில் இது வழக்கமான அளவுதான். அதே ஸ்பீக்கர் 5 வாட்டில் 104 டெசிபெல்லும், 20 வாட்டில் 110 டெசிபெல்லும் தரும். வாட் நான்கு மடங்கானபோது கூடியது 6 டெசிபெல் மட்டுமே. கீழே இறங்கினாலும் இதே கதைதான்: 0.1 வாட்டில்கூட 87 டெசிபெல் வரும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு வகுத்திருக்கும் சூழல் ஒலி வரம்பு பகலில் 55 டெசிபெல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபெல். அது அறைக்குள் அளக்கும் அளவு அல்ல என்றாலும், பொதுச்சுவருக்கு அந்தப் பக்கம் உறங்குகிறவர்களுக்கு, முழுவதும் திருகி வைத்த 1 வாட் ஆம்பும் தொந்தரவுதான் என்பது இந்த எண்களிலிருந்தே விளங்கும்.

ஆகையால் நீங்கள் பார்க்க வேண்டியது, குறைந்த சத்தத்தில் அந்த ஆம்ப் எப்படி ஒலிக்கிறது என்பதையே. இங்கே ராக்குக்கும் மெட்டலுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. மாஸ்டர் வால்யூம் (மொத்தச் சத்தத்தை மட்டும் கூட்டிக் குறைக்கும் குமிழ்) இல்லாத 1960களின் ஆம்புகளில் வால்யூமை மேலே ஏற்றி, ஸ்பீக்கரை இயக்கும் பவர் வால்வுகளைத் திணறவைத்துத்தான் அந்தக் காலத்து ராக் கிட்டாரின் கரகரப்பு பிறந்தது. அந்த ஓசையைச் சத்தமில்லாமல் பெறுவது கடினம். 1 வாட், 5 வாட் ஆம்புகளுக்குத் தேவை எழுந்ததும் இதனால்தான். மெட்டலின் டிஸ்டார்ஷனோ, அதாவது அதன் கரகரப்போ, பெரும்பாலும் பவர் வால்வுகளுக்கு முன்னால் உள்ள பிரீஆம்ப் பகுதியில், ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிய கெயின் (சிக்னலைப் பெருக்கும்) நிலைகளில் உருவாகிறது. 1975இல் மார்ஷல் 2203 மாடலில் மாஸ்டர் வால்யூம் வந்தது. 1981இல் ஜேசிஎம்800 வரிசை, 1992இல் பீவியின் 5150 என்று கெயின் மேலும் மேலும் முன்பகுதிக்கு நகர்ந்தது. முன்பகுதியில் பிறந்த டிஸ்டார்ஷனை மாஸ்டர் வால்யூமால் இறக்கிக் கேட்கலாம்; அப்போதும் அதன் குணம் பெரிதாக மாறாது. அதனால் மெட்டல் வாசிப்பவர், பவர் வால்வுகள் திணறட்டும் என்பதற்காகவே 1 வாட் தேடி அலைய வேண்டியதில்லை.

ஓசையின் அடிப்பகுதியைத் தீர்மானிப்பது ஸ்பீக்கர். கிட்டாரின் தடித்த தந்தி வழக்கமான சுருதியில் 82 ஹெர்ட்ஸ். மெட்டலுக்காக அதை டி வரை தளர்த்தினால் 73 ஹெர்ட்ஸ். சிறிய பெட்டிக்குள் இருக்கும் 8 அங்குல ஸ்பீக்கரால் அந்த ஆழத்தைத் தெளிவாகத் தர முடியாது. ரிஃப் வாசிக்கும்போது மெலிந்து, மூக்கால் பேசுவதுபோல் கேட்கும். ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் உள்ள மார்ஷல் டிஎஸ்எல்1 காம்போவில் 8 அங்குலம், டிஎஸ்எல்5இல் 10 அங்குலம், டிஎஸ்எல்20இல் 12 அங்குலம் என்று, ஒரே வரிசைக்குள்ளேயே வாட்டோடு சேர்ந்து ஸ்பீக்கரும் வளர்வதைக் காணலாம். பிளாக்ஸ்டார் ஹெச்டி-5ஆர் போல 5 வாட்டுக்கே 12 அங்குல ஸ்பீக்கர் வைத்த காம்போக்களும் உண்டு. வீட்டில் மட்டும் வாசிப்பவராக இருந்தால் உங்களை அந்த வகைக்கே அனுப்பியிருப்பேன்.

ஆனால் உங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ட்ரம்ஸ் இருக்கிறது. ட்ரம்ஸுக்குப் பக்கத்தில் 5 வாட் ஆம்ப் டிஸ்டார்ஷனோடு ஓரளவு தாக்குப்பிடிக்கும். தெளிவான, கரகரப்பில்லாத ஓசை வேண்டுமென்றால் மூழ்கிப்போகும். எனவே என் தேர்வு 20 வாட் வகை. அதில் மாஸ்டர் வால்யூம், பாதித் திறனுக்கு இறக்கும் சுவிட்ச், எஃபெக்ட்ஸ் லூப் (எக்கோ போன்ற பெடல்களை பிரீஆம்புக்குப் பின் இணைக்கும் வழி), ஹெட்போனுக்கோ ரெக்கார்டிங்குக்கோ ஸ்பீக்கர் ஓசையைப் போலச் செய்து தரும் அவுட்புட் ஆகிய நான்கும் இருக்க வேண்டும். டிஎஸ்எல்20 இவை அனைத்தையும் கொண்ட ஒன்று. லேனி, ஆரஞ்ச், பீவி ஆகியோரும் இந்த அளவில் ஆம்புகள் செய்திருக்கிறார்கள். ஸ்பீக்கர் இல்லாத ஆம்பான ஹெட்டைத் தனியாகவும் ஸ்பீக்கர் கேபினெட்டைத் தனியாகவும் வாங்கி, கேபினெட்டைத் திருப்பாலையிலேயே நிரந்தரமாக வைத்துவிட்டால், ஹெட்டை மட்டும் டூவீலரில் கொண்டு போய் வரலாம். வீட்டில் ஹெட்போன் போதும். ஒரு விஷயத்தை மட்டும் விற்பவரிடம் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்: ஸ்பீக்கர் இணைக்காமல் ஹெட்போனில் மட்டும் வாசிக்க அந்த மாடல் அனுமதிக்கிறதா? பல வால்வு ஆம்புகளில் ஸ்பீக்கரோ அதற்கு ஈடான லோடோ இணைக்காமல் வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகக்கூடும். ஆம்பிலேயே விலை கூடிய பாகங்களில் அதுவும் ஒன்று.

கடையில் சோதிக்கும்போது உங்கள் சொந்தக் கிட்டாரைக் கொண்டு செல்லுங்கள். விற்பனையாளர் வால்யூமை ஏற்றிக் காட்டுவார். எந்த ஆம்பும் சத்தமாக வைத்தால் நன்றாகத்தான் இருக்கும். நீங்கள் அதை முழுவதும் இறக்கி, மாஸ்டர் குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருப்பிப் பாருங்கள். பல சின்ன ஆம்புகளில் பூஜ்ஜியத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே ஓசை திடீரென்று பாய்ந்து எழும். அப்படிப்பட்ட ஆம்பில் இரவு பத்து மணிக்கு வேண்டிய அளவை நிறுத்தவே முடியாது. குமிழ் சீராக ஏறினால், அந்த மெல்லிய ஓசையிலேயே உள்ளங்கையை பிரிட்ஜ் ஓரம் வைத்து, தடித்த தந்தியை அடக்கி அடித்துப் பாருங்கள். ஒவ்வொரு அடியும் நறுக்கென்று நிற்க வேண்டும், கொழகொழவென்று இழுபடக் கூடாது. சற்று இழுபட்டால் அதற்காக ஆம்பை ஒதுக்க வேண்டாம். டியூப் ஸ்க்ரீமர் வகை ஓவர்டிரைவ் பெடலை ஆம்புக்கு முன்னால் வைத்து, டிரைவைக் குறைத்து, லெவலை ஏற்றினால் அடிப்பகுதி இறுகிவிடும். மெட்டல் கிட்டாரிஸ்டுகள் நெடுங்காலமாகச் செய்துவரும் உபாயம் இது. சேர்த்த பணம் முழுவதையும் ஆம்பிலேயே போட்டுவிடாமல் இந்தப் பெடலுக்கும் ஒரு மாற்று வால்வு செட்டுக்கும் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள்.

பெட்டியில் ட்யூப் என்று அச்சிட்டிருப்பதாலேயே முழு வால்வு ஆம்ப் என்று எண்ணிவிடக் கூடாது. ஆரஞ்ச் மைக்ரோ டெரர் போன்றவற்றில் முன்பகுதியில் ஒரே ஒரு 12ஏஎக்ஸ்7 வால்வு இருக்கும். பவர் பகுதி டிரான்சிஸ்டரால் ஆனது. அது குறையல்ல, விலையும் அதற்கேற்பக் குறைவு. ஆனால் முழு வால்வு விலை கொடுத்து அதை வாங்கக் கூடாது. பவர் வால்வின் பெயரைக் கேளுங்கள். இஎல்84, இஎல்34, 6எல்6, 6வி6 என்று ஏதேனும் ஒன்றை விற்பவர் சொல்ல வேண்டும். 5 வாட்டும் அதற்குக் குறைந்ததுமான ஆம்புகளில் 12பிஹெச்7, இசிசி82 போன்ற சின்ன வால்வுகளே பவர் பகுதியிலும் இருக்கலாம்.

நீங்கள் ஹெட்போனில் மட்டுமே வாசிப்பவராக இருந்திருந்தால் வால்வு ஆம்பே வேண்டாம் என்றுதான் எழுதியிருப்பேன். பாஸ் (Boss) நிறுவனத்தின் கட்டானா போன்ற வால்வில்லாத ஆம்புகள் அந்த வேலையைக் குறைந்த செலவில், பராமரிப்புத் தொல்லை இல்லாமல் செய்யும்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து திரும்பும் என் சித்தப்பா, அங்கே பயன்படுத்திய 15 வாட் ட்யூப் ஆம்பைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் போதும் என்கிறார். வாங்கலாமா?
– கே.கே. நகர் வாசகர்

பதில்: முதலில் ஆம்பின் பின்பலகையைப் புகைப்படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 230 வோல்ட்டுக்கு மாற்றும் தேர்வு அதிலேயே இருக்குமானால், ஃப்யூஸையும் அதற்குரியதாக மாற்றிக்கொண்டு தயங்காமல் வாங்கலாம். 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று மட்டும் எழுதியிருந்தால் யோசிக்க வேண்டும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டேஜை இறக்குமே தவிர, நம் ஊர் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸை மாற்றாது. 60 ஹெர்ட்ஸுக்கென்றே நெருக்கிக் கணக்கிட்டுச் செய்த டிரான்ஸ்ஃபார்மர் 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடேறும். கத்திரி வெயிலில் மதுரையின் மாடி அறையில் அந்தச் சூட்டோடு வால்வுகளின் சூடும் சேரும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். பல ஆம்புகள் இரண்டு அலைவெண்ணுக்கும் பொருந்துமாறு செய்யப்பட்டவை. பின்பலகையில் 50/60 என்று இருந்தால் இந்தக் கவலை இல்லை.

டிரான்ஸ்ஃபார்மர் வாங்கும்போது இரண்டு தனித்தனிச் சுற்றுகள் கொண்டதாக, 300 விஏ (வோல்ட்-ஆம்பியர்) அளவில் கேட்டு வாங்குங்கள். விலை மலிவான ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மரில் உள்ளே வருவதும் வெளியே போவதும் ஒரே சுற்றுதான். மின்கம்பியிலிருந்து அது உங்களைப் பிரிக்காது. அதைவிட முக்கியம் எர்த். அமெரிக்க பிளக்குக்கான அடாப்டர்கள் பலவற்றில் மூன்றாவது முனை எங்கும் போய்ச் சேராது. எர்த் இல்லாத ஆம்பில் இரைச்சல் வருவதோடு நிற்காது. உள்ளே ஏதேனும் பழுதானால் கிட்டார் தந்தி வழியாக உங்கள் கையில் மின்சாரம் பாயும். பழைய வீடானால், சுவர் பிளக்கில் எர்த் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று எலெக்ட்ரீஷியனை வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். இதை நான் வற்புறுத்தியே சொல்கிறேன்.

பாதி விலை என்பதோடு இந்தச் செலவுகளையும், இந்தியாவில் அந்த ஆம்புக்கு வாரண்டி கிடைப்பது அரிது என்பதையும் கூட்டிப் பாருங்கள். சொந்தக்காரரிடம் வாங்கும் பொருளுக்கு நுகர்வோர் ஆணையத்தில் முறையிடவும் வழியில்லை. அவர் வணிகர் அல்லர். 50 ஹெர்ட்ஸ் குறிப்பு இல்லையென்றால் சித்தப்பாவுக்கு நன்றி சொல்லி விட்டுவிடுவதே மேல்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய 5 வாட் ட்யூப் ஆம்ப் வந்து சேர்ந்தது. போட்டதும் ஒரு வால்வு ஒளிரவில்லை. உறுமல் மட்டும் கேட்கிறது. விற்பனையாளரைக் கேட்டால், வால்வுகளுக்கு வாரண்டி கிடையாது என்கிறார். உள்ளூர் ரேடியோ மெக்கானிக்கிடம் காட்டலாமா?
– திருமங்கலம் வாசகர்

பதில்: காட்ட வேண்டாம், இப்போதைக்கு ஒரு திருகாணியைக்கூடக் கழற்றாதீர்கள். நீங்கள் திறந்ததால்தான் பழுதானது என்று அவர்கள் சொல்ல நீங்களே இடம் கொடுத்ததாகும். தவிர, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கப்பாசிட்டர்களில் சில நூறு வோல்ட் தங்கியிருக்கும், உயிருக்கே ஆபத்து. வால்வு ரேடியோ காலத்து மெக்கானிக்குகள் அதை நன்கு அறிந்தவர்கள், வாரண்டி முடிந்த பிறகு அவர்களை நம்பிக் கொடுக்கலாம்.

வால்வு தேய்ந்துபோவதற்கு வாரண்டி மறுப்பது வேறு, பழுதான பொருளைக் கொடுத்துவிட்டு வாரண்டியைக் காட்டித் தப்பிப்பது வேறு. வால்வுகளுக்கு மட்டும் 90 நாள் என்பதுபோலக் குறுகிய வாரண்டி தருவது இத்துறையில் வழக்கம்தான். வந்து சேரும்போதே வேலை செய்யாத பொருளுக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது. அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் உங்கள் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். எனவே தொலைபேசியில் வாதிடுவதை நிறுத்தி, பில், பெட்டியின் படம், ஒளிராத வால்வு தெரியுமாறு எடுத்த ஒரு நிமிட வீடியோ ஆகியவற்றோடு அவருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். எல்லா வால்வும் வெளியே தெரியும்படி ஒளிர்வதில்லை என்று அவர்கள் பதில் சொல்லக்கூடும். உறுமலையும் வீடியோவில் பதிவு செய்தால் அந்தப் பேச்சுக்கு இடமிருக்காது.

அதற்கும் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்த படி மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். விற்பனையாளர் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்க 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடமளிக்கிறது. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதவரை கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம். மாற்று ஆம்ப் வந்ததும், பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே வீடியோ எடுக்கத் தொடங்கிவிடுங்கள்.