ஆலன் கீயை முதலில் கீழே வையுங்கள்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் நான்கு ஒரே விஷயத்தைப் பற்றியவை: பாஷ் கம்பெனியின் கே-ஜெட்ரானிக், அதாவது பழைய கார்களில் என்ஜினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சிக் கொடுக்கும் அமைப்பு. 1973-ல் வந்த இந்த மெக்கானிக்கல் இன்ஜெக்‌ஷனில் கம்ப்யூட்டர் கிடையாது. உள்ளே போகும் காற்று ஒரு வட்டத் தகட்டைத் தூக்கும். தகடு ஒரு நெம்புகோல் வழியாக ஃபூயல் டிஸ்ட்ரிபியூட்டரில் (பெட்ரோலைப் பங்கிடும் பாகம்) இருக்கும் பிளஞ்சரை, அதாவது துளைக்குள் ஏறி இறங்கும் சின்ன உலோகத் தண்டைத் தூக்கும். பிளஞ்சர் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு பெட்ரோல். என்ஜின் ஓடும்வரை இன்ஜெக்டர்கள் (பெட்ரோல் பீய்ச்சும் முனைகள்) நிறுத்தாமல் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே இருப்பதெல்லாம் எளிதாகப் புரியும்.

கேள்வி: அப்பா வைத்திருந்த மெர்சிடிஸ் 230 இ இப்போது என்னிடம் இருக்கிறது. காலையில் சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட் ஆகிறது. ஓட்டிவிட்டு அரை மணி நேரம் நிறுத்தினால் மட்டும் ஸ்டார்ட்டர் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கடைசியில் உதறி உதறி எழுகிறது. பம்ப் போய்விட்டது, மாற்றுங்கள் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா ஐயா?

கொஞ்சம் பொறுங்கள் அம்மா. பம்ப் போயிருந்தால் காலையில் முதல் சுற்றிலேயே எழாது.

என்ஜினை நிறுத்திய பிறகுதான் அதன் சூடு மேலே ஏறும். அந்த நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் நின்றால்தான் பெட்ரோல் கொதிக்காமல் இருக்கும். அழுத்தம் இறங்கிவிட்டால் பெட்ரோல் ஆவியாகிவிடும். அப்புறம் ஸ்டார்ட்டர் முதலில் அந்த ஆவியைத்தான் தள்ளும். இரண்டு மணி நேரம் கழித்துப் போனால் எல்லாம் ஆறியிருக்கும், வண்டியும் எழுந்துவிடும். அரை மணி என்று நீங்கள் எழுதியதே பாதி நோயைச் சொல்லிவிட்டது.

அழுத்தத்தைப் பிடித்து வைப்பது இரண்டு பேர். ஒன்று பம்பின் வாயில் இருக்கும் செக் வால்வ், பெட்ரோலைத் திரும்பி வர விடாத ஒருவழிக் கதவு. இன்னொன்று அக்யுமுலேட்டர், அதாவது உள்ளே ஸ்பிரிங்கும் டயாஃப்ரமும் (வளையும் சவ்வு) உள்ள சின்ன டப்பா. மெக்கானிக்கிடம் அழுத்தம் பார்க்கும் கேஜ் மாட்டச் சொல்லுங்கள். பம்ப் ஓடும்போது சிஸ்டம் அழுத்தம் 5 பார் (அழுத்தத்தின் அலகு) பக்கத்தில் இருக்கும். சூடான வண்டியை நிறுத்தியதும் முள் கொஞ்சம் இறங்கி, பிறகு நின்றுவிட வேண்டும். இருபது நிமிடம் கழித்தும் ஏறக்குறைய 2 பார் காட்டினால் கவலை இல்லை (உங்கள் காருக்கான சரியான எண் சர்வீஸ் கையேட்டில் இருக்கும்). பார்த்துக்கொண்டிருக்கும்போதே பூஜ்யத்துக்கு வந்துவிட்டால் கசிவு இருக்கிறது என்று அர்த்தம். அக்யுமுலேட்டரின் பின்பக்கத்துச் சின்னக் குழாயைக் கழற்றிப் பம்பை ஓட்டிப் பாருங்கள். அதில் பெட்ரோல் வந்தால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. வராவிட்டால் அடுத்த சந்தேகம் செக் வால்வ். அதைத் தனியாகவே மாற்றலாம், முழுப் பம்பும் வேண்டாம்.

ஒரு விஷயம் கவனியுங்கள். கடைசியில் எழும்போது கரும்புகையும் பெட்ரோல் வாடையும் வந்தால் கதை வேறு. இன்ஜெக்டரோ, குளிரில் ஸ்டார்ட் ஆகக் கூடுதல் பெட்ரோல் தரும் கோல்ட் ஸ்டார்ட் வால்வோ உள்ளே சொட்டிக்கொண்டிருக்கிறது.

எந்த இணைப்பைத் தளர்த்தினாலும் என்ஜின் ஆறியிருக்க வேண்டும், மேலே துணி சுற்றியிருக்க வேண்டும். 5 பாரில் பீய்ச்சும் பெட்ரோல் சூடான சைலன்சரில் பட்டால் என்ன ஆகும் என்று நான் எழுதத் தேவையில்லை.

கேள்வி: முதல் தலைமுறை கோல்ஃப் ஜிடிஐ. ஐடிலில் (வண்டி நிற்க, என்ஜின் மட்டும் ஓடும்போது) ஆர்பிஎம் ஏறி இறங்கி ஊஞ்சலாடுகிறது. காற்று-பெட்ரோல் கலவையைச் சரிசெய்யும் மிக்ஸ்சர் திருகைத் திருப்பினால் ஒரு நாள் சரியாக இருக்கிறது, மறுநாள் பழையபடி. எத்தனை சுற்று வைக்க வேண்டும்?

ஒரு சுற்றும் வேண்டாம். அந்தத் திருகைத் திருப்பும் 3 மில்லிமீட்டர் ஆலன் கீயை (ஆறுமுகச் சாவி) முதலில் கீழே வையுங்கள்.

திட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள், இதே தப்பை நானே செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வண்டியின் மிக்ஸ்சர் திருகோடு மூன்று நாள் மல்லுக்கட்டினேன். நான்காவது நாள் என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவுக் கம்பி) உருவினேன். என்ஜினின் சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அந்த இடத்தில் மூளை விழித்தது. டிப்ஸ்டிக்கின் ரப்பர் வளையம் காய்ந்து பாதி உதிர்ந்திருந்தது. புது வளையம் போட்டதும் ஊஞ்சல் நின்றது. மூன்று நாளாக நான் கெடுத்து வைத்த மிக்ஸ்சரைத் திரும்பச் சரிசெய்ய மட்டும் இன்னும் அரை நாள் ஆனது.

காரணம் சுலபம். தகட்டைத் தாண்டி வரும் காற்றுக்குத்தான் கணக்கு உண்டு. தகட்டுக்குப் பின்னால் திருட்டுத்தனமாக நுழையும் காற்றுக்குப் பெட்ரோல் கிடையாது. அதனால் ஐடிலில் ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள், அந்த வழியாகவும் திருட்டுக் காற்று நுழையும். என்ஜின் தடுமாற வேண்டும், நின்றே போகலாம். ஒன்றுமே ஆகாவிட்டால் வேறெங்கோ ஏற்கனவே ஓட்டை இருக்கிறது. தகட்டிலிருந்து த்ராட்டிலுக்கு (ஆக்சிலரேட்டர் திறக்கும் காற்று வழி) போகும் ரப்பர் குழாயைக் கழற்றி, மடிப்புகளை விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். மாட்டியிருக்கும்போது அடிப்பக்கத்து வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது. அடுத்தது இன்ஜெக்டர்களைச் சுற்றியுள்ள ரப்பர் வளையங்கள். இன்ஜெக்டரைக் கையால் பிடித்து ஆட்டும்போது லொடலொட என்றால் வளையம் கல்லாகிவிட்டது.

இதெல்லாம் முடிந்த பிறகு, புகையை அளக்கும் எக்ஸாஸ்ட் காஸ் அனலைசர் வைத்துக்கொண்டு திருகைத் தொடலாம். கீயைச் செருகிய நிலையில் ஆக்சிலரேட்டரை மிதிக்காதீர்கள், நெம்புகோல் வளையும்.

கேள்வி: வால்வோ 240. குளிரில் ஸ்டார்ட் ஆகி நன்றாக ஓடுகிறது. பத்து நிமிடத்தில் கரும்புகை, பெட்ரோலும் குடிக்கிறது.

என்ஜின் சூடாகும்வரை கூடுதல் பெட்ரோல் கொடுக்க வைக்கும் வார்ம்-அப் ரெகுலேட்டரின் வயரைப் பாருங்கள். அந்த ரெகுலேட்டருக்குள் ஒரு பைமெட்டல் பட்டையும் (சூட்டில் வளையும் இரட்டை உலோகப் பட்டை) அதைச் சூடாக்கும் ஹீட்டர் காயிலும் உண்டு. பட்டை சூடாகச் சூடாக, பிளஞ்சரை மேலிருந்து அமுக்கும் கண்ட்ரோல் அழுத்தம் ஏறி, பெட்ரோல் குறையும். சூடான என்ஜினில் அது சுமார் 3.5 பார் இருக்கும். ஹீட்டருக்குக் கரண்ட் வராவிட்டால் ரெகுலேட்டர் இன்னும் குளிர் என்றே நினைத்துக்கொண்டிருக்கும். என்ஜின் ஓடும்போது பிளக்கில் 12 வோல்ட்டுக்குக் குறையாமல் வருகிறதா என்று பாருங்கள். பல தடவை அந்தப் பிளக்கின் பச்சைக் களிம்பைச் சுரண்டியதோடு என் வேலை முடிந்திருக்கிறது.

கேள்வி: சாப் 99 ஆறு வருடமாக ஷெட்டில் நிற்கிறது. புது பேட்டரி போட்டுச் சுற்றிப் பார்க்கலாமா?

கூடாது. டேங்கைத் திறந்து முகர்ந்து பாருங்கள். வார்னிஷ் வாடை அடித்தால் அதே வார்னிஷ் பிளஞ்சரிலும் ஒட்டியிருக்கும். பழைய பெட்ரோலை வடித்து, டேங்கைச் சுத்தம் செய்து, புது ஃபில்டர் போடுங்கள். குழாய்களை விரலால் அமுக்கி, கெட்டியாகிப்போனதை மாற்றுங்கள். பிறகு பம்பை மட்டும் ஓட்டி, தகட்டைக் கையால் மெதுவாகத் தூக்குங்கள். கீழிருந்து மேல்வரை ஒரே சீரான எதிர்ப்பு தெரிய வேண்டும். இன்ஜெக்டர்கள் கீச்சிடும் சத்தமும் வரும். அந்தப் பெட்ரோல் சிலிண்டருக்குள் போகும், அதனால் ஒரு கணத்துக்கு மேல் தூக்கிப் பிடிக்காதீர்கள். நடுவில் எங்கேயாவது சிக்கினால் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்ற வேண்டியதுதான்.

கழற்றும்போது அடியில் உள்ளங்கையை வைத்துக்கொள்ளுங்கள். பிளஞ்சர் தானாக வழுக்கி விழும். அது அந்த ஒரு துளைக்கென்றே இழைத்த உருப்படி. சிமென்ட் தரையில் விழுந்து ஓரத்தில் ஒரு நகக்கீறல் விழுந்தாலும் வேறு டிஸ்ட்ரிபியூட்டர் தேட வேண்டியிருக்கும்.