தண்ணீரில் நின்ற தக்காளி ஏன் தலையைத் தொங்கப்போடுகிறது?

கேள்வி: மூன்று நாள் விடாத மழையில் தக்காளிப் பாத்தியில் தண்ணீர் தேங்கிவிட்டது. மழை விட்டும் இலைகள் தொங்கியபடியே இருக்கின்றன. மண்ணில் ஈரம் இருக்கிறது. இன்னும் தண்ணீர் விடலாமா, உரம் வைக்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். முதலில் ஓர் இலைக்காம்பை விரலால் லேசாகத் தூக்கிப் பாருங்கள். விறைப்பாக இருந்து, விட்டதும் பழையபடி கீழே வளைந்தால் செடி வாடவில்லை. ஈரத்துணி மாதிரித் துவண்டு கிடந்தால்தான் வாட்டம். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அதனால்தான் பலரும் பதறிப்போய்க் குடத்தைத் தூக்குகிறார்கள்.

விறைப்பான வளைவு, செடி தானே செய்துகொண்ட ஏற்பாடு. வேரும் மூச்சுவிட வேண்டும். காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் ஆக்சிஜன் சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவும். மண்ணில் மிச்சமிருந்ததை வேரும் நுண்ணுயிர்களும் சீக்கிரமே தீர்த்துவிடும். எத்திலீன் என்ற ஹார்மோன் உருவாகும் கடைசிக் கட்டத்துக்கு ஆக்சிஜன் தேவை. வேரில் அது இல்லை என்பதால், பாதியில் நின்ற மூலப்பொருள் சாற்றோடு மேலேறி, இலைப் பக்கம் போய் எத்திலீனாகிறது. அது காம்பின் மேல்பக்கச் செல்களை நீளவைக்க, காம்பு கீழே வளைகிறது. இலையில் விழும் வெயில் குறைகிறது, நீர் இழப்பும் குறைகிறது. வேர் முடங்கிக் கிடக்கும்போது இதைவிடப் புத்திசாலித்தனம் வேறென்ன?

துவண்டிருந்தால் நிலைமை கொஞ்சம் மோசம். மூச்சுமுட்டிய வேர்ச் செல்களில் அமிலத்தன்மை ஏறி, தண்ணீர் நுழையும் வாயில்கள் மூடிக்கொள்ளும். அப்போது எவ்வளவு ஊற்றினாலும் மேலே போகாது.

சரி, என்ன செய்வது? தேங்கிய நீருக்கு வடிகால் வெட்டுங்கள். ஈர மண்ணை மிதிக்கவோ கொத்தவோ வேண்டாம். பொலபொலவென்று ஆனபின் லேசாகக் கிளறலாம். வெயில் சுள்ளென்று அடித்தால் இரண்டு நாள் நிழல் கட்டுங்கள். ஒரு வேரை எடுத்து உருவிப் பாருங்கள்: தோல் கழன்று நடுநூல் மட்டும் மிஞ்சினால் அது செத்த வேர். அப்புறம் தண்டின் அடி. அங்கே வெள்ளையாகச் சிறு முண்டுகள் தெரிந்தால், நோய் என்று மருந்தடித்துவிடாதீர்கள். அவை புது வேர்கள். மண் அணைத்துக் கொடுங்கள். தேங்கிய நீரில் நைட்ரேட் என்ற தழைச்சத்தைப் பாக்டீரியாக்கள் வாயுவாக்கிவிடும், அடியிலை மஞ்சளாவதற்கு அதுவும் ஒரு காரணம். தளிர் விட்டபின் கொஞ்சம் தழைச்சத்து போதும்.

நெல் மட்டும் எப்படி நிற்கிறது என்பீர்கள். அதன் தண்டிலிருந்து வேர் வரை காற்றுப்பாதை உண்டு. முழுக்க மூழ்கினாலும் சப்1ஏ மரபணு கொண்ட ரகங்கள் வளர்ச்சியை நிறுத்திச் சுமார் இரண்டு வாரம் தாக்குப்பிடிக்கும். அந்த மரபணு அடையாளம் காணப்பட்டது 2006-ல். ஆழ்நீர் நெல்லோ நேரெதிர்: ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல்கூட நீண்டு தலையை வெளியே நீட்டிவிடும். இரண்டையும் முடுக்கிவிடுவது அதே எத்திலீன்தான்.

தக்காளிக்கு அந்த வித்தைகள் கிடையாது. ஒரு வாரத்தில் நுனியில் புதுத் தளிர் தெரியவில்லை என்றால், பிடுங்கிவிட்டு மேட்டுப்பாத்தி போட்டு மறுபடி நடுங்கள்.